ரோபோ படத்தில் மனிதருக்கு என்ன வேலை?

ரோபோக்களைப் பற்றிய அறிவியல் புனைவுப் படங்களுக்கு மனிதக் கதாபாத்திரங்கள் கட்டாயம் வேண்டுமா, ரோபோக்கள் மட்டுமே நடமாடினால் படம் நிற்காதா என்பது உங்கள் கேள்வி. பலரும் உடனே சொல்லும் பதில், 'மனிதர் இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு ஒட்டுதல் வராது' என்பது. அந்தப் பதில் தவறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மனிதர் இல்லாமல் முடியவே முடியாத ரோபோ கதைகள் உண்டு. அதற்குக் காரணம் வேறு. அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் எந்தப் படத்துக்கு மனிதர் வேண்டும், எதில் அவர்கள் வழிமறித்து நிற்கிறார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஒட்டுதல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், திறந்து மூடும் கதவு வைத்த ஒரு கட்டம். இந்த வடிவங்கள் அங்கும் இங்கும் நகர்வதுதான் மொத்தப் படமும். பார்த்ததை எழுதச் சொன்னபோது, முதல் குழுவில் இருந்த 34 பேரில் ஒரே ஒருவர்தான் வடிவங்களை வடிவங்களாகவே விவரித்தார். மற்ற எல்லாரும் அவற்றை உயிருள்ளவையாகப் பார்த்தார்கள். ஒன்று விரட்டுகிறது, ஒன்று பயந்து ஒளிகிறது, ஒன்று அடாவடி செய்கிறது என்று கதையே எழுதிவிட்டார்கள். ஒரு முக்கோணத்துக்காகப் பதறக்கூடிய மனம் நமக்கு இருக்கிறது.

இதைத் திரையில் அழகாகக் காட்டியது பிக்ஸார் 1986-இல் எடுத்த இரண்டு நிமிடக் குறும்படம், 'லக்ஸோ ஜூனியர்'. அதில் இரண்டு மேசை விளக்குகளும் ஒரு பந்தும் மட்டும்தான். கணினி வரைகலை மாநாட்டில் திரையிட்டு முடித்ததும், அந்தத் துறையின் பெரிய வல்லுநரான ஜிம் பிளின் இயக்குநர் ஜான் லாசெட்டரிடம் வந்தார். நிழல்களை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்கப்போகிறார் என லாசெட்டர் நினைத்தாராம். பிளின் கேட்டதோ, அந்தப் பெரிய விளக்கு அம்மாவா அப்பாவா என்று. கண், வாய், வசனம் எதுவும் இல்லாத ஒரு விளக்கைப் பார்த்து, நுட்பம் தெரிந்த மனிதர் ஒருவர் கேட்ட கேள்வி அது. ஆகவே ஒட்டுதலுக்காக மனிதர் வேண்டும் என்ற வாதம் நிற்காது. நடையில் ஒரு தயக்கம், தலை சாய்வதில் ஒரு வருத்தம், அது போதும்.

சரி, அப்படியென்றால் மனிதரைத் தூக்கிவிடலாமே என்றால், இங்கேதான் ரோபோ என்ற சொல்லையே கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920-இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகம்தான் இந்தச் சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் ஜோசப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் நிலவுடைமையாளருக்குக் குடியானவர்கள் கட்டாயமாகச் செய்துகொடுத்த உழைப்பு. நம் பழைய கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, கூலியில்லா ஊழியம், கிட்டத்தட்ட அதுதான். ஆகப் பிறக்கும்போதே இந்தச் சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள்: வேலை செய்பவர் ஒருவர், வேலை வாங்குபவர் ஒருவர். 'மகன்' என்று சொன்னதும் எங்கோ ஒரு பெற்றோர் இருந்தாக வேண்டும் அல்லவா? ரோபோ என்பதும் அப்படி ஓர் உறவைச் சொல்லும் பெயர்தான்.

அறிவியல் புனைவு எழுத்தாளர் ஐசக் அசிமோவ் ரோபோக்களுக்காக 1942-இல் எழுதிய மூன்று விதிகளை இந்தக் கண்ணோட்டத்தில் படித்துப் பாருங்கள். மனிதருக்குத் தீங்கு செய்யாதே, தீங்கு நேர விடாதே என்பது முதல் விதி. மனிதர் சொல்வதைக் கேள் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் முரண்படாதவரை உன்னைக் காத்துக்கொள் என்பது மூன்றாவது. மனிதரை அழித்துவிட்டு இதே விதிகளைப் படித்தால் கடைசியில் 'உன்னைக் காத்துக்கொள்' மட்டும்தான் மிஞ்சும். அது எலிக்கும் பொருந்தும், எறும்புக்கும் பொருந்தும். ரோபோவை ரோபோவாக்கும் முடிச்சு அங்கே அவிழ்ந்துவிடுகிறது.

இதனால்தான் மனிதரே இல்லாத ரோபோ படங்களை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். மனிதர் என்ற இனமே இல்லாத உலகத்தில் நடப்பவை ஒரு வகை. மனிதர் இருந்து, இல்லாமல் போன உலகத்தில் நடப்பவை இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே இவை வேறு வேறு சாதனங்கள்.

முதல் வகைக்கு 2005-இல் வந்த 'ரோபோட்ஸ்' நல்ல உதாரணம். அங்கே ஊர் முழுக்க ரோபோக்கள். குழந்தை வேண்டுமென்றால் பாகங்கள் பெட்டியில் வரும், பெற்றோர் உட்கார்ந்து பூட்ட வேண்டும். 2024-இல் ஜோஷ் கூலி இயக்கிய 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்' படத்திலும் பூமியே கிடையாது. உருமாற முடியாத இரண்டு சுரங்கத் தொழிலாளிகள், நண்பர்கள், எப்படி ஜென்மப் பகைவர்கள் ஆகிறார்கள் என்பதே கதை. மனிதர் ஒருவர்கூட இல்லாமல் அந்தப் படம் கம்பீரமாக நிற்கிறது. இந்த வரிசையின் மற்ற பல படங்களைவிட எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரண்டு தொழிலாளிகளையும் சதையும் ரத்தமுமான மனிதர்களாக மாற்றினாலும் கதை அப்படியே நடக்கும். உலோகம் அங்கே உடை. மிக அழகான உடைதான், ஆனாலும் உடை. ரோபோ என்றால் என்ன என்ற கேள்வி அந்த உலகத்தில் யாருக்கும் எழாது, ஏனென்றால் அங்கே எல்லாரும் அதுவேதான். இது குறை ஒன்றும் இல்லை. விலங்குகள் பேசும் கதையை யாரும் விலங்கியலுக்காகப் படிப்பதில்லை.

இரண்டாவது வகைதான் என்னை ஆட்டிப்படைப்பது. ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கிய 'வால்-ஈ' (2008) படத்தின் முதல் பகுதியை நினைத்துப் பாருங்கள். மனிதர்கள் பூமியை விட்டுப் போய் 700 வருடம் ஆகிவிட்டது. ஒரு குப்பை அள்ளும் ரோபோவும் ஒரு கரப்பானும்தான் மிச்சம். ஆனால் அந்தக் காட்சிகளில் மனிதர் இல்லாத ஒரு நொடிகூட இல்லை. வைர மோதிரம் இருக்கும் சின்னப் பெட்டி ஒன்று வால்-ஈக்குக் கிடைக்கிறது. மோதிரத்தை வீசிவிட்டுப் பெட்டியைத் திறந்து மூடி ரசித்து வைத்துக்கொள்கிறான். ஒரு பக்கம் கரண்டி, ஒரு பக்கம் முள் என்று இருக்கும் ஒரு சாமானை எடுத்து, கரண்டிகளோடு வைப்பதா முட்கரண்டிகளோடு வைப்பதா என்று குழம்பி, இரண்டுக்கும் நடுவில் வைக்கிறான். பழைய வீடியோ கேசட்டில் இரண்டு பேர் கைகோர்ப்பதைப் பார்த்துத் தன் கைகளைத் தானே கோர்த்துக்கொள்கிறான். நம்மைப் பற்றி இத்தனை சொல்லும் அந்தக் காட்சிகளில் நாம் இல்லை. நாம் விட்டுப்போன சாமான்கள்தான் இருக்கின்றன. மனிதக் கதாபாத்திரம் வேறு, மனிதரின் இருப்பு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

இதே படத்தின் இரண்டாம் பகுதியில் விண்கலமும் பருத்த மனிதர்களும் வந்ததும் படம் இறங்கிவிட்டது என்று நிறையப் பேர் சொல்வார்கள். முதல் பகுதியின் அமைதிக்காக நானும் ஏங்கியவன்தான். ஆனாலும் அந்தக் குறையோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கதையின் உயிர்நாடி என்ன? ஒரு சின்னச் செடி. அந்தச் செடி வால்-ஈக்கு இன்னொரு சேகரிப்புப் பொருள். ஈவா என்ற இன்னொரு ரோபோவுக்கு அது நிறைவேற்ற வேண்டிய கட்டளை. அது முளைத்தது நல்ல செய்தி என்று சொல்ல, சோறும் காற்றும் தேவைப்படும் உயிர்கள் வந்தாக வேண்டும். மனிதர் வராமல் இருந்திருந்தால் செடியின் பொருள் கடைசிவரை திறக்காத பெட்டியாகவே இருந்திருக்கும். அதே சமயம் இன்னொன்றையும் இயக்குநர் விட்டுக்கொடுக்கவில்லை. நினைவழிந்து வெறும் இயந்திரமாகிவிட்ட வால்-ஈயை மீட்பது எந்த மனிதரும் அல்ல, ஈவாவின் கை. மனிதருக்கு உரிய இடம் எது, ரோபோக்களுக்கே உரிய இடம் எது என்ற அளவு அவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்கிறது.

டக்ளஸ் டிரம்புல் இயக்கிய 'சைலன்ட் ரன்னிங்' (1972) இதே விஷயத்தை ஒரே ஷாட்டில் செய்கிறது. பூமியில் காடுகளே இல்லை. விண்கலங்களின் கண்ணாடிக் கூடாரங்களுக்குள் கடைசிக் காடுகள் வளர்கின்றன. அவற்றை அழித்துவிட்டுத் திரும்பு என்று உத்தரவு வரும்போது ஒரு தாவரவியலாளர் மறுத்து, கொலைகூடச் செய்துவிடுகிறார். உடன் இருப்பவை வாயில்லாத, முகமில்லாத மூன்று சின்ன ரோபோக்கள். அவற்றுக்குச் செடி நடவும் சீட்டாடவும் கற்றுத்தருகிறார். முடிவில் அவர் இல்லை. ஒரே ஒரு ரோபோ மட்டும் அடிபட்டு நசுங்கிய பூவாளியால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு விண்வெளியில் மிதந்து போகிறது. அந்தக் கடைசிக் காட்சியில் மனிதர் கிடையாது. ஆனால் முந்தைய ஒன்றரை மணி நேரம் மனிதர் இருந்ததால்தான் அது நெஞ்சை அடைக்கிறது. இன்னொரு தகவல்: அந்த ரோபோக்களின் உறைக்குள் இருந்தவர்கள் இரு கால்களும் இல்லாத நடிகர்கள். கைகளால் நடந்து அந்த அசைவைக் கொண்டுவந்தார்கள். அந்த ரோபோக்களின் நடை ஏன் அவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று எனக்குப் பல நாள் புரியாமல் இருந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு புரிந்தது.

அப்புறம், மனிதரின் இடத்தில் மனிதரேதான் உட்கார வேண்டும் என்பதும் இல்லை. பாப்லோ பெர்ஹரின் 'ரோபோ டிரீம்ஸ்' (2023) படத்தில் மனிதரும் இல்லை, வசனமும் இல்லை. தனிமை தாங்காத ஒரு நாய் தபாலில் ரோபோ ஒன்றை வரவழைத்துப் பூட்டுகிறது. கடலில் குளித்த ரோபோ துருப்பிடித்து மணலில் அசைய முடியாமல் கிடக்க, கடற்கரையையும் அந்தப் பருவத்துக்கு மூடிவிடுகிறார்கள். நாய் என்று வரைந்திருக்கிறார்களே தவிர, அது உட்கார்ந்திருப்பது விலைக்கு வாங்கியவரின் இடம். கிறிஸ் சாண்டர்ஸ் இயக்கிய 'தி வைல்டு ரோபோ' (2024) இன்னும் நுட்பமானது. ஏவலுக்காகவே செய்யப்பட்ட ரோஸ் என்ற ரோபோ ஆளில்லாத தீவில் ஒதுங்குகிறது. கண்ணில் படும் விலங்குகளிடமெல்லாம் போய், உங்களுக்கு ஏதாவது வேலை செய்து தரட்டுமா என்று கேட்கிறது. எல்லாம் பயந்து ஓடுகின்றன. ஏவுபவர் இல்லாத ஏவலாள் என்ன செய்யும் என்ற அந்தத் தவிப்பிலிருந்துதான் முழுப் படமும் கிளம்புகிறது. மனிதர்கள் பெரும்பாலும் கண்ணுக்கே படாமல், இல்லாமையாலேயே கதையை நடத்துகிறார்கள்.

இனி, மனிதர் கண்முன் நின்றே ஆக வேண்டிய படங்கள். 'இது ஆளா, பொருளா?' என்ற கேள்வி எந்தப் படத்தின் மையமோ, அதற்கு மனிதர் வேண்டும். ஆள் என்று ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் அதிகாரம் உள்ள ஒருவர் எதிரில் இருந்தால்தான் அந்தக் கேள்விக்குக் கூர்மை வரும். நமக்கு நன்றாகத் தெரிந்த 'எந்திரன்' (2010) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தீ விபத்தில் சிட்டி ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். குளித்துக்கொண்டிருந்தவளை அப்படியே தூக்கி வந்து கூட்டத்துக்கும் கேமராக்களுக்கும் முன்னால் நிறுத்துகிறான். அவன் கணக்கில் உயிர் பிழைத்தாயிற்று, வேலை முடிந்தது. அவள் அவமானம் தாங்காமல் ஓடி வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். ரோபோ எதைப் புரிந்துகொள்ளவில்லை என்பதை இத்தனை கொடூரமாக, இத்தனை எளிமையாகச் சொல்ல ரோபோக்கள் மட்டுமே இருக்கும் உலகத்தில் வழியே இல்லை. வெட்கம் என்ற ஒன்று அங்கே இருக்காது. அதே படத்தின் முடிவில் சிட்டி தன்னைத் தானே பாகம் பாகமாகக் கழற்றும்போது நாம் கலங்குவதற்கும் காரணம் சுற்றி நின்று பார்க்கும் மனிதர்கள்தான். கழற்றச் சொன்னவர்களும் அவர்களே, கண் கலங்குபவர்களும் அவர்களே.

'பிளேடு ரன்னர்' (1982) படத்தில் நான்கே வருட ஆயுள் கொடுக்கப்பட்ட ராய் பேட்டி என்ற செயற்கை ஆள், தன்னைக் கொல்ல வந்தவனையே விழாமல் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றுகிறான். பிறகு மழையில் உட்கார்ந்து தான் கண்டவற்றைச் சொல்லிவிட்டுச் சாகிறான். காப்பாற்றியது ஏன்? எனக்குத் தோன்றுவது, அவனுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. தான் வாழ்ந்ததற்குச் சாட்சி. அந்தச் சாட்சி, 'நீ ஆளே இல்லை' என்று நம்பி வந்தவனாக இருப்பதில்தான் அந்தக் காட்சியின் முழு எடையும் இருக்கிறது. கேட்பவன் டெக்கார்டும் செயற்கை ஆள்தான் என்று இயக்குநர் ரிட்லி ஸ்காட் சொல்லியிருக்கிறார். அப்படியே வைத்துக்கொண்டாலும் காட்சி குலையவில்லை. ஏனென்றால் அந்த நிமிடத்தில் அவன் தன்னை மனிதன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இடம்தான் முக்கியம், அதில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு எதனால் ஆனது என்பது அடுத்ததுதான்.

மனிதரை வைத்து ரோபோவை உயர்த்தும் இன்னொரு வழி, மனிதரைக் குளிர வைப்பது. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்தில் இரண்டு விண்வெளி வீரர்களும் முகத்தில் எதையும் காட்டாதவர்கள். பெற்றோர் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தைக்கூட ஒருவர் சலனமில்லாமல் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். விண்கலத்தின் கணினியான ஹால் 9000-க்கோ ஒரு சிவப்புக் கண்ணும் டக்ளஸ் ரெயினின் மென்மையான குரலும் மட்டும்தான், உடம்புகூட இல்லை. ஆனால் அதன் நினைவுத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, பயமாக இருக்கிறது என்று சொல்வது ஹால்தான். இத்தனைக்கும் அது கொலைகாரன். அந்த வீரர்கள் சூடான, கலகலப்பான ஆட்களாக இருந்திருந்தால் அந்தப் பரிதாபம் நமக்கு வந்திருக்காது.

இதற்கு நேர் எதிராக, மனிதரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தும் காட்சி ஒன்று அலெக்ஸ் கார்லண்டின் 'எக்ஸ் மேக்கினா'வில் வரும். முழுப் படமும் ஒரு சோதனை: ஏவா என்ற ரோபோவுக்கு உண்மையில் மனம் இருக்கிறதா என்று ஓர் இளைஞன் பரிசோதிக்கிறான். படம் முழுக்க நாமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பார்க்கிறோம். முடிவை நெருங்கும்போது ஏவா கியோகோ என்ற இன்னொரு ரோபோவைச் சந்திக்கிறாள். அவள் காதருகே குனிந்து ஏதோ சொல்கிறாள். என்ன சொன்னாள் என்பது நமக்குக் கேட்காது. கடைசிவரை தெரியாது. ரோபோக்களுக்குள் மட்டும் நடக்கும் பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு நான் கண்ட மிக நேர்மையான காட்சி அதுதான். அதுவரை மனிதர் இருந்து, கேட்டு, சோதித்து, அளந்துகொண்டே இருந்ததால்தான் அந்த ஒரு ரகசியத்துக்கு அத்தனை பலம்.

அதனால் எனக்கு வருத்தம் தருவது மூன்றாவது ஒரு ரகம். ரோபோக்களின் போர்தான் கதை, ஆனால் பாதிப் படம் மனிதர்களின் வீட்டுச் சண்டையிலும் காதலிலும் போகும். இதற்குப் பணமும் ஒரு காரணம். 2007-இல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தில் ஆப்டிமஸ் பிரைம் என்ற ஒரே ரோபோவின் கணினி உருவத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பாகங்கள். நிஜமான சாலையில், நிஜ வெயிலில் அது நிற்பதுபோல் காட்டும் ஒவ்வொரு நொடிக்கும் எத்தனை உழைப்பு! நடிகர் ஒருவரை நிறுத்திப் பேச வைப்பது அதைவிட மலிவு. இன்னொரு காரணம் அளவு: பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் ரோபோ எத்தனை உயரம் என்று கண்ணுக்குத் தெரியும். இரண்டும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அளவுகோலாக வந்தவருக்கு ஐம்பது பக்க வசனம் கொடுக்கும்போதுதான் படம் தொய்கிறது. பார்ப்பவருக்கு ஒட்டுதல் வராதோ என்ற பயமே அந்த வசனங்களை எழுத வைக்கிறது. அந்தப் பயம் தேவையில்லை என்பதை ஒரு மேசை விளக்கு 1986-லேயே காட்டிவிட்டது.

ரோபோவின் கண் வழியாகவே காட்டினால் மனிதரைத் தவிர்க்கலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். 1973-இல் வந்த 'வெஸ்ட்வேர்ல்டு' அதை முயன்றது. துப்பாக்கிக்கார ரோபோவின் பார்வையைக் கட்டம் கட்டமாகக் காட்ட, ஒரு முழுநீளப் படத்தில் முதல்முறையாகக் கணினி வழியாகப் படத்தை மாற்றியமைத்தார்கள். 'தி டெர்மினேட்டர்' (1984) சிவந்த பார்வையில் எழுத்துகளையும் நிரல் வரிகளையும் ஓட விட்டது. யோசித்துப் பார்த்தால், ஒரு இயந்திரம் தன் எண்ணத்தைத் தன் கண்ணுக்கு முன்னால் எழுதிப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த எழுத்துகள் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நமக்காக. ரோபோவின் தலைக்குள் போய் உட்கார்ந்தாலும் மனிதர் ஒருவர் கூடவே வந்துவிடுகிறார்.

நீங்கள் இதைக் கதை எழுதும் எண்ணத்தோடு கேட்டிருந்தால் நான் செய்து பார்க்கச் சொல்வது இதுதான். மனிதக் கதாபாத்திரத்தை முழுக்க எடுத்துவிட்டு, அவர் செய்த வேலையை ஒரு பொருளிடமோ, பழைய பதிவிடமோ, இன்னொரு ரோபோவிடமோ கொடுத்துப் பாருங்கள். கதை நடந்தால் அவர் தேவையே இல்லை, தயங்காமல் எடுங்கள். நடக்காவிட்டால், எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது, ஒருவர் இன்னொருவரைப் பார்த்து 'நீயும் ஆள்தான்' என்று சொல்ல வேண்டிய இடமாக இருக்கும். சாப்பெக் தன் நாடகத்தில் ரோபோக்களின் புரட்சியில் மனித இனத்தையே அழித்தார். ஆனால் அல்குவிஸ்ட் என்ற கட்டடக் கலைஞரை மட்டும் கடைசி அங்கம் வரை உயிரோடு விட்டுவைத்தார். இரண்டு ரோபோக்கள் ஒருவருக்காக ஒருவர் சாகத் தயாராக நிற்பதை அந்தக் கிழவர் பார்க்கிறார். பார்த்துவிட்டு, ஆதாமே, ஏவாளே, போங்கள் என்று அவர்களை வெளியே அனுப்பிவைக்கிறார்.